நூற்றுப் பதிமூன்று மைக்ரோநொடி

துளசிமணி அக்கா கேட்டது தண்ணீர். அவர் கழுத்தில் தாலிக்கொடியோடு சேர்ந்து தொங்கிய சின்ன ஸ்பீக்கர் சொன்னது, “மூமி, தீணெணு.”

அவர் கணவர் சென்னியப்பன் ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“எப்பிடிங்ண்ணா புரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“மூணு மாசமா இதே சோலிதானுங் அம்மிணி. த-வும் ண-வும் வந்தா தண்ணி. ச-வும் ற-வும் வந்தா சோறு. நேத்துதான் மாட்டிக்கிட்டேன். ப-வும் ட-வும் வந்துச்சு. பூட்டக் கொண்டாந்து காட்டுனேன். பொட்டக் காட்டுனேன். பீரோவத் தொறந்து பட்டுச்சேலைய விரிச்சேன். கடசீல பாத்தா டிவில பாட்டு வெக்கச் சொல்லியிருக்கறா.”

துளசிமணி அக்காவின் தோள்கள் குலுங்கின. சிரிப்புக்கு எழுத்து கிடையாது. அதனால் அவர் சிரித்தால் ஸ்பீக்கர் சும்மா இருக்கும்.

கோயமுத்தூர் கணபதியில் எடைத் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் தராசு. ஞாயிற்றுக்கிழமை மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிப் பலகைகளோடு என் சொந்த விளையாட்டு. சென்னியப்பன் அண்ணன் அடுத்த தெருவில் முப்பது வருடம் மோட்டார் காயில் கட்டியவர். என் கடை கிரைண்டரிலிருந்து வீட்டு மிக்ஸி வரை அவர் கை படாதது இல்லை. அந்த ஞாயிறு அவர் என்னைத் தேடி வந்து தன் வீட்டுக்கு அழைத்துப்போனது பதில் உதவிக்கு.

பேச்சுப் பாலம் புழக்கத்துக்கு வந்து அப்போது ஆறேழு வருடம் ஆகியிருந்தது. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குச் சொல் உள்ளே முழுசாக உருவாகும். நாக்குக்குப் போகும் வழி மட்டும் அறுந்திருக்கும். எழுதும் வழியும் அதோடு போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்கு மண்டைக்குள் எள்ளளவு சிப்பு ஒன்றை வைப்பார்கள். அது உருவாகும் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிடித்து, மயிரிழைக் கம்பி வழியே காதுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை உரக்கச் சொல்லும்.

அக்காவின் பாலத்தைச் செய்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டுவிட்டது. மருத்துவமனையோ ஒரு கடிதம் கொடுத்திருந்தது. வருகிற வியாழக்கிழமை சோதனை. திரையில் நூறு சொற்கள் வரும். அக்கா அவற்றைச் சொல்ல வேண்டும். பத்துக்கு மேல் தவறினால் பெட்டியை ஊக முறைக்கு மாற்றிவிடுவார்கள். அதாவது, அவர் என்ன சொல்ல வருகிறார் என்று பெட்டியே ஊகித்து, ஒரு நல்ல வாக்கியத்தைத் தானே பேசும். ஓரிரு நாள் வெள்ளோட்டம் பார்க்கலாம்; ஆனால் நிரந்தரமாக மாற்றினால் உள்ளே இருக்கும் சிப்பையும் மாற்றி எழுதிவிடுவார்கள். திருப்ப வேண்டுமென்றால் மறுபடி மண்டையைத் திறக்க வேண்டும்.

மருத்துவமனையைக் குறை சொல்ல முடியாது. நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொல்லி, ஸ்பீக்கர் வேறெதையோ உளறினால் யார் பொறுப்பு?

“ரெண்டு நாளு அதப் போட்டுப் பாத்தாங்க,” என்றார் சென்னியப்பன். “மொத நாளு நான் வெச்ச ரசத்த வாயில ஊத்துனா. மூஞ்சி போன போக்கப் பாத்து, சரி, இன்னைக்கு நமக்கு இருக்குதுன்னு நெனச்சேன். பொட்டி சொல்லுது, ‘உணவு சுவையாக உள்ளது. மிக்க நன்றி’ங்குது.”

“அப்பறம்?”

“முப்பத்தொரு வருசத்துல இவ எனக்கு நன்றி சொன்னதில்லீங். சோத்துத் தட்ட வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.” மனைவி பக்கம் திரும்பினார். “அந்தப் பொட்டி நல்லாத்தானுங் பேசுது. ஆனா அது இவ இல்லீங்.”

அக்கா இடது கையால் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆனால் கை நின்றிருந்தது.

வெளிப் பெட்டி நோயாளிக்குச் சொந்தம்; அதைத் திறக்கலாம், அதிலுள்ள நிரலை மாற்றலாம் என்று பாலத்தோடு கொடுத்த காகிதத்திலேயே இருந்தது. திறந்தேன். உள்ளே இருந்தது என் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விளையாடும் அதே வகை மலிவு மைக்ரோகன்ட்ரோலர். ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

“இதுக்குள்ள என்னதானுங் நடக்குது?” என்று சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.

இப்படி யாராவது கேட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது.

“ரயில்வே கேட்டுல கூட்ஸ் வண்டி போறத நெனச்சுக்கங்க. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கூட்ஸ் வண்டி. முன்னாடி ஒரு எஞ்சின், நடுவுல ஒம்பது பொட்டி, கடசீல கார்டு வண்டி. ஒவ்வொரு பொட்டிலயும் ஒண்ணு லோடு இருக்கும், இல்லீன்னா காலி. லோடா காலியாங்கறதுதான் சேதி.”

“செரிங்.”

“நீங்க கேட்டுல கண்ண மூடிட்டு நிக்கறீங்க. எஞ்சின் சத்தம் கேட்ட ஒடனே எண்ண ஆரம்பிக்கோணும். ஒரு பொட்டி தாண்ட எத்தன நேரம்னு முன்கூட்டியே பேசி வெச்சாச்சு. அந்தந்த நேரத்துக்குக் கண்ணத் தொறந்து ஒரு பார்வ, ஒடனே மூடிக்கோணும். ஒவ்வொரு வாட்டியும் பொட்டியோட நடுமத்தி கண்ணுக்கு நேரா இருக்கோணும்.”

“ஏனுங், கண்ணத் தொறந்தே வெச்சுட்டா என்ன?”

“பொட்டிக்கும் பொட்டிக்கும் நடுவுல எடவெளி தெரியாதுங்ண்ணா. நாலு பொட்டி வரிசையா லோடா வந்தா, ஒரே நீளமாத்தான் தெரியும். நாலுன்னு நேரத்த வெச்சுத்தான் சொல்ல முடியும். அனுப்பறவங்களுக்கு ஒரு கடிகாரம், வாங்கறவங்களுக்கு ஒரு கடிகாரம். ரெண்டையும் சேத்துக் கட்ட நடுவுல கம்பி கெடையாது. நம்பிக்கைதான்.”

“வண்டி சித்தெ வெசயாப் போச்சுன்னா?”

“மொதப் பொட்டில தெரியாது. நடுவுக்குக் கொஞ்சம் பின்னாடி பாப்பீங்க, அவ்வளவுதான். ரெண்டாவதுல இன்னும் கொஞ்சம். சேந்துக்கிட்டே போகும். எட்டாவதுன்னு நெனச்சுக் கண்ணத் தொறப்பீங்க, முன்னாடி ஒம்பதாவது போய்க்கிட்டிருக்கும்.”

“ஸ்லிப்பு,” என்றார் அவர். “மோட்டார்லயும் உண்டுங். ரோட்டார் சித்தெ பின்னாடியேதான் வரும். மோட்டாருக்கு அது வேணும். இதுக்கு ஆகாதாட்ட இருக்குது.”

“அஞ்சு சதவீதம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போனா கடசிப் பொட்டிக கெட்டுப்போகும். இதச் செஞ்சவங்க மொத அஞ்சு பொட்டில மெய்யெழுத்த வெச்சிருக்காங்க. கடசி நாலுல உயிர். அதுனாலதான் த வருது, ண வருது, தண்ணி வரமாட்டேங்குது.”

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். மூன்று மாதமாக அவர் விளையாடிய குறுக்கெழுத்துக்கு இப்போதுதான் காரணம் கிடைத்தது.

“முமெ, மீரை கோடிஙுகே,” என்றது ஸ்பீக்கர்.

“உங்களுக்கு மோரு குடுக்கச் சொல்றாளுங்,” என்று எழுந்து போனார்.

இதில் எங்கோ இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்பது தெளிவு. பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் கம்பி, பிறகு பேட்டரி, கடைசியில் கடிகாரம். கம்பியும் பேட்டரியும் சரியாக இருந்தன. பெட்டியின் சிப்புக்குத் துல்லியமாகத் துடிக்கும் கிரிஸ்டல் தனியாக வைக்காமல், உள்ளேயே இருக்கும் மலிவுக் கடிகாரத்தில் ஓட்டியிருந்தார்கள். கோடை வெயிலில் அது தடம் மாறும். கண்டுபிடித்துவிட்டேன் என்று குதூகலமாக, என் டப்பாவிலிருந்து ஒரு கிரிஸ்டலை எடுத்துப் பற்றவைத்து, பெட்டியை மூடி அக்காவின் காதில் மாட்டினேன்.

“சொல்லுங்க்கா.”

“மைமோ, கீபெபே.”

சென்னியப்பன் மிக மரியாதையாக என்னைப் பார்த்தார். “காப்பி கேக்கறா. நீங்க சங்கடப்படாதீங்க அம்மிணி. அந்தக் கிரிஸ்டல நல்ல தராசு எதுலயாச்சும் போட்டுக்கலாமுங்.”

திங்கட்கிழமை கடையை மதியமே சாத்திவிட்டு, சிக்னலைப் படம் பிடிக்கும் கருவியோடு போனேன். ஊகித்தது போதும், அளக்கலாம் என்று. அக்கா பேசப் பேச, கம்பியில் போன ஒவ்வொரு ரயில்பெட்டியின் நீளத்தையும் அளந்தேன். ஏறக்குறைய நூற்று நான்கு மைக்ரோநொடி. ஒரு நொடியைப் பத்து லட்சமாக வெட்டினால் கிடைக்கும் துண்டுகளில் நூற்று நான்கு. காதுப் பெட்டி எதிர்பார்த்துக்கொண்டிருந்தது நூற்றுப் பதிமூன்று. எட்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம்.

பெட்டியின் கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. அதற்குக் கொடுத்திருந்த எண்தான் தவறு. ஆனால் அந்த எண் பொருத்தும்போது அளந்து எழுதிய எண். அன்றைக்கு நூற்றுப் பதிமூன்றாக இருந்தது, இன்றைக்கு ஏன் நூற்று நான்கு?

பெட்டி மூன்று நாள் பேச்சைப் பதிந்து வைத்திருக்கும். அதை அச்சடித்து, செவ்வாய்க்கிழமை சென்னியப்பன் அண்ணனிடம் கொடுத்தேன். அந்த மொழியை அவரைப்போல வாசிக்க இன்னொருவர் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரல் வைத்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

“இதென்னங்ண்ணா, எல்லா வரிலயும் முன்னாடி ரெண்டு ம வருது?”

அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது என்னயக் கூப்புடறதுங்.”

“எல்லா வாக்கியத்துக்கும் முன்னாடியா?”

“பின்ன? மாமான்னு சொல்லாம எப்பிடிப் பேசுவா? வையறதுன்னாக்கூட மாமான்னு சொல்லித்தான் வைவா.”

எனக்குள் ஏதோ ஒன்று இடறியது. “பாலத்தப் பொருத்துனப்ப அளவு எடுத்தாங்கல்ல, அன்னைக்கும் மாமான்னா சொல்லச் சொன்னாங்க?”

“இல்லீங். பாரத்துல ‘நோயாளி அதிகம் அழைக்கும் நபரின் பெயர்’னு ஒரு கட்டம் இருந்துச்சு. நானு எம்பேர எழுதிக் குடுத்தேன். அதத் திரையில நாப்பது வாட்டி காட்டுனாங்க. ஒவ்வொரு வாட்டியும் இவ மனசுக்குள்ள சொல்லோணும்.”

“அக்கா உங்க பேரச் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?”

“எப்பிடிங் சொல்லுவா?” அவருக்கு என் கேள்வியே விசித்திரமாக இருந்தது. “ரேசன் கடையில வூட்டுக்காரர் பேரென்னன்னு கேட்டா, சென்னிமலைச் சாமி பேருங்கன்னு சொல்லிட்டுக் கம்முனு நிப்பா. அவிய கண்டுபுடிச்சு எழுதிக்கோணும்.”

துளசிமணி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாலத்தோடு வந்த காகிதத்தை எடுத்து மறுபடி புரட்டினேன். அக்காவின் மண்டைக்குள் இருக்கும் சிப்புக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. கடிகாரம் வைத்தால் அது சூடாகும்; மூளைக்குப் பக்கத்தில் சூடு ஆகாது. அதனால் செய்தவர்கள் ஓர் அழகான தந்திரம் செய்திருந்தார்கள். மூளையில் இயல்பாக ஓடும் ஒரு மெல்லிய தாளத்தைப் பிடித்து, அதையே பல மடங்கு பெருக்கிக் கடிகாரமாக்கியிருந்தார்கள். ஆள் நிதானமாக இருந்தால் கடிகாரமும் நிதானம். கோபம் வந்தால் வேகம். ஒரு சொல்லை உதடு வரை கொண்டுவந்து நிறுத்திப் பிடித்துக்கொண்டால், தாளம் தளர்ந்து கடிகாரம் மெதுவாகும்.

நாற்பது தடவை திரையில் கணவர் பெயர் வந்திருக்கிறது. நாற்பது தடவையும் அக்கா அதை உள்ளே எடுத்து, சொல்லாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறார். இயந்திரம் அந்தத் தயக்கத்தை அளந்து, இதுதான் இந்த அம்மாவின் பேச்சு என்று எழுதிக்கொண்டது. நூற்றுப் பதிமூன்று.

இதைச் சொன்னபோது சென்னியப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அப்ப மூணு மாசமா இவ வாயக் கட்டுனது எம்பேருங்களா?”

“எண்ண மாத்திடலாம்ண்ணா. ஒரு நிமிசம்.”

நூற்றுப் பதிமூன்றை அழித்து நூற்று நான்கு என்று எழுதிப் பெட்டியை மாட்டினேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“மாமா,” என்றது ஸ்பீக்கர். “ரசத்துல உப்பே இல்ல. அன்னைக்கே சொன்னேன்.”

சென்னியப்பன் ஒரு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து அக்காவின் தங்கை போனில் வந்தார். அக்கா மூன்று மாதக் கதையையும் ஒரே மூச்சில் பேசத் தொடங்க, வேகம் ஏறி, பேச்சு மறுபடி உளறலானது. அளந்து பார்த்தேன், தொண்ணூற்றேழு. அப்படியென்றால் எந்த ஒற்றை எண்ணும் உதவாது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

“வண்டி வெசயா வருதா, பைய வருதான்னு முன்கூட்டியே எப்பிடிங் தெரியும்?” என்றார் சென்னியப்பன்.

“ஒரு வழி இருக்குது. எந்தெந்தப் பொட்டில லோடு இருக்கும்னு நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வண்டி ஒண்ணு மொதல்ல வரோணும். அதுல என்ன இருக்குதுன்னு பாக்க வேண்டியதில்ல. தாண்டறதுக்கு எத்தன நேரம் ஆச்சுன்னு மட்டும் அளந்துக்கலாம். பின்னாடி வர்ற வண்டிகளுக்கு அதே கணக்கு.”

“தெரிஞ்ச வண்டியா?”

“அக்கா எப்பவும் மொதல்ல அனுப்பற வண்டி.”

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு முகம் சிவந்தது. ஐம்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

வேலை நான் நினைத்ததைவிடச் சின்னது. தெரிந்த சொற்களுக்கென்று நிரலில் ஒரு பட்டியல் ஏற்கெனவே இருந்தது. முதல் வரியில் அளவெடுத்த சொல்: சென்னியப்பன். இரண்டாவது வரியில் ‘மாமா’ என்று சேர்த்தேன். பட்டியலில் உள்ள சொல் எது வந்தாலும், மெய்யெழுத்தை வைத்து அடையாளம் கண்டு, அதன் நீளத்தை அளந்து, அடுத்து வரும் சொற்களுக்கு அந்த அளவையே வைத்துக்கொள்ளும்படி எழுதினேன்.

“எம்பேரத் தூக்கிப் போட்ருங்க அம்மிணி. அதுனாலதான இத்தன வெனையும்.”

“இருக்கட்டும்ண்ணா. அடுத்தவங்க எழுதுன வரிய, அவசியமில்லாம நான் அழிக்கமாட்டேன். அது அங்க சும்மா கெடக்கும். இன்னொண்ணு, ‘மாமா’வ அளந்துட்டு ஸ்பீக்கர்ல சொல்லாம விட்டுடலாமா? ஒவ்வொரு வாட்டியும் கேட்டா உங்களுக்குச் சலிச்சுப் போகும்.”

“இல்லீங்,” என்றார் உடனே. “அது கேக்கோணும்.”

அக்கா மொச்சைத் தட்டை மடியில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை முழுக்க அக்கா பேசினார். மெதுவாக, வேகமாக, கோபமாக, தூக்கக் கலக்கத்தில். இருநூற்றுச் சொச்சம் வாக்கியங்களில் தவறியவை நான்கு. சாயந்தரம் என் பக்கம் திரும்பிப் பேசினார். “மாமா, இந்தப் பிள்ளைக்கு ரெண்டு தேங்கா குடுத்து உடுங்க.” என்னோடு பேசுவதும் கணவர் வழியாகத்தான். அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த டெக்னீஷியனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அரும்பு மீசை.

“துளசிமணி. பேஷன்ட் மட்டும் வாங்க. கூட வந்தவங்க வெளியவே இருங்க.”

“நானு வூட்டுக்காரருங்,” என்று சென்னியப்பன் எழுந்தார்.

“தெரியுதுங்க. ரூல்ஸ்ங்க. நீங்க உள்ள இருந்தா உதடசைச்சுச் சொல்லிக் குடுத்திருவீங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லேப்டாப் பையின் ஜிப்பை இழுப்பதற்குள் அக்கா உள்ளே போய், கதவு சாத்தப்பட்டுவிட்டது. ‘மாமா’ மட்டும் ஸ்பீக்கரில் கேட்காமல் நிறுத்தி வைக்க இரண்டே வரி. செவ்வாய்க்கிழமையே எழுதியிருக்கலாம்.

“என்னங் ஆச்சு?” என்றார் சென்னியப்பன்.

“அக்கா மாமான்னு சொன்னாத்தான் பொட்டி வேகத்த அளக்கும். சொல்லலீன்னா கடசியா அளந்த எண்ணுலயே நிக்கும். உள்ள போய்ப் பதட்டத்துல வேகம் மாறும்.”

“அந்தப் பையனப் பாத்தா மாமான்னு சொல்லுவா?” அவர் மூடிய கதவைப் பார்த்தார். “எங்க சின்னவன விட எளசு. கழுத்த அறுத்தாலும் சொல்லமாட்டா.”

இருவரும் உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒரு கடிகாரம் மிகத் துல்லியமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “நன்றி சொல்லுமுங்,” என்றார் ஒருமுறை, யாரிடம் என்றில்லாமல். “இனி ஆயுசுக்கும் எனக்கு நன்றி சொல்லிட்டே இருக்கும்.”

அரை மணி நேரம் கழித்து, வழியை மறித்து நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் ஒரு எண்ணை வாசித்தார்கள். அது அவருடைய மொபெட். போக மனமில்லாமல் படியிறங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் கதவு திறந்தது.

அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வேர்த்திருந்தது. டெக்னீஷியன் கையில் அட்டையோடு பின்னால் வந்தான்.

“பாஸுங்க. நூத்துல ஏழு தப்பு. ஆனா இப்படி நான் பாத்ததே இல்ல. மொத ஏழும் வரிசையாத் தப்பு. எட்டுல இருந்து தொண்ணூத்திமூணும் சரி.”

“ஊக முறை வேண்டாமில்லீங்க?”

“வேண்டாம். இப்படியே இருக்கலாம்.” கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டியவன் நின்றான். “ஒண்ணு கேக்கலாங்களா? ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி ஒரு பேரச் சொன்னாங்க. நூறு வாட்டியும். சென்னியப்பன், சென்னியப்பன்னு. யாருங்க அது?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சென்னிமலைச் சாமி பேருங்க,” என்றேன்.

“ஓ. பக்தியான அம்மா,” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்தவரைக் கூப்பிட்டான்.

கேபிளைச் செருகி லேப்டாப்பில் பதிவைத் திறந்தேன். பொறுக்க முடியவில்லை. பட்டியலின் முதல் வரியில் சும்மா கிடந்த சொல் நூறு தடவை வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் அளவு. முதல் தடவை நூற்றுப் பதிமூன்று. இரண்டாவது தடவையும் அதே. பிறகு நூற்றுப் பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று, பதினொன்று. ஏழாவது, நூற்றுப் பத்து. அதுவரை அக்கா கணவர் பெயரைப் பிடித்துப் பிடித்துத்தான் சொல்லியிருக்கிறார். அந்த மெதுவான அளவை நம்பிய பெட்டி, பின்னால் இயல்பான வேகத்தில் வந்த சோதனைச் சொல்லைத் தவறவிட்டிருக்கிறது. எட்டாவது நூற்றெட்டு. அது நூற்று நான்கோடு ஐந்து சதவீத வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. அங்கிருந்துதான் எல்லாம் சரி.

நான் கீழே உருட்டிக்கொண்டே போனேன். இருபதாவது நூற்றாறு. நாற்பதாவது நூற்று நான்கு. அதற்குப் பிறகு கடைசி வரை நூற்று நான்கேதான். ‘மாமா’ எத்தனை நீளமோ அதே நீளம்.

அக்கா இடது கையை நீட்டி லேப்டாப்பின் மூடியை மெதுவாகச் சாத்தினார். கேபிளையும் தானே கழற்றினார்.

சென்னியப்பன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்த்தார். நான் காகிதத்தை நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

“எப்பிடிப் புள்ள?” என்றார். “அந்தப் பையன மாமான்னா கூப்புட்ட?”

“மாமா,” என்றது ஸ்பீக்கர், தெளிவாக. “பசிக்குது. கம்முனு வண்டிய எடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே துண்டைத் தோளில் போட்டார். படியில் இறங்கும்போது என் பக்கம் திரும்பி, “அம்மிணி, அந்த லிஸ்டுல இருந்து எம்பேர இனியாச்சும் தூக்கிப் போட்ருங்க. மறுபடி எதுனா வெனை வந்துறப் போகுது,” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“மாமா, அது அங்கயே இருக்கட்டும்.”